ஏழு சுற்றுப் பாதை

மாலை ஐந்து இருபத்தைந்துக்கு அம்மா பாதைக்குள் கால் வைத்தார். ஐந்து இருபத்தாறுக்கு நடுவில் நின்றார். வழக்கமாக அதற்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும். நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், நிவாரணத்தில் எங்களுக்குச் சட்டி பானைக்கு முன்பே ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்திருந்ததுதான்.

கடல் வந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் மிஞ்சியது சீமெந்துத் தரை மட்டும். நான்கு வயதுத் தம்பியைக் கடல் திருப்பித் தரவேயில்லை. பொழுது சாயும்போதெல்லாம் அம்மா அவனைத் தேடிக் கரைக்குப் போய்விடுவார். முதலில் யாரும் தடுக்கவில்லை. சண்டை மறுபடி தொடங்கிய பிறகு, ஆறு மணிக்கு மேல் கரையில் ஏதாவது அசைந்தால் இராணுவம் சுடும் என்று ஆயிற்று. அப்பா கெஞ்சியும் பார்த்தார். அம்மா போவதை நிறுத்தவில்லை.

அப்பா வீடு கட்டும் மேசன். துயரப்பட்டவர்களோடு பேச வந்த ஓர் அக்கா மணலில் குச்சியால் ஒரு பாதை கீறிக் காட்டினார். ஒரே வாசல், வளைந்து வளைந்து நடுவுக்குப் போய், வந்த வழியே திரும்ப வேண்டும். அப்பா இடிந்த வீட்டுக் கல்லையெல்லாம் கூட்டி, தரையையும் முற்றத்தையும் சேர்த்து ஏழு சுற்று அடுக்கினார். நடு எங்கே வரவேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு நாள் நூல் பிடித்தார். தம்பிக்குப் பாய் விரிக்கும் இடம் அது.

“வழி ஒண்டுதான், மாறிப் போக ஏலா. கரைக்குப் போற நடைய இதுக்க நட,” என்றார்.

அம்மா நடந்தார். நடந்து முடிக்கும்போது இருட்டிவிடும். நாங்கள் அப்போது தங்கியிருந்த தகரக் கொட்டிலுக்கு வந்து எங்களுக்குச் சோறு போடுவார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு நாள் காலை குழாயடியில் பக்கத்துக் கொட்டில் மாமி கேட்டார்: “உங்கட கொப்பர் கொம்மாவச் செக்குல கட்டிட்டாராமே. எண்ணெய் எவ்வளவு வடியுது புள்ள?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாமி வீட்டிலும் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. சிரிக்க அவருக்கும் ஏதாவது வேண்டியிருந்திருக்கும். நான் அதை நினைக்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும், வாசலிலிருந்து நடுவரை ஒவ்வொரு சுற்றிலும் மூன்று கல்லை உருவி, உப்பேறிய கிணற்றுக்குள் போட்டேன். இனி நேர்வழி. அம்மா சட்டென்று முடித்துவிடுவார், ஊரும் சிரிக்காது. பெரிய உதவி செய்துவிட்ட பெருமையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் நின்ற அம்மா திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடல் பக்கம் நடந்தார். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு வேலையால் வந்த அப்பா, உடைந்த சுற்றுகளைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். ஆறு ஐந்துக்குத் தனியே திரும்பினார். கரைக் காவலரண் சென்றியில் நின்றவன் துவக்கைக் காட்டித் துரத்தியிருக்கிறான். ஆறு இருபது ஆயிற்று. அம்மா வரவில்லை. இன்று என் மகன் டியூசனிலிருந்து பத்து நிமிடம் பிந்தினாலும் எனக்கு அந்த ஆறு இருபதுதான். முற்றத்தைச் சுற்றத் தொடங்கிவிடுகிறேன்.

ஆறரைக்கு, கடற்கரைப் பக்கமாக இல்லாமல், பின் ஒழுங்கையால் அம்மா வந்தார். முந்தானை நிறையக் கல். கரையோரத்தில் இடிந்து கிடந்த வீடுகளில் பொறுக்கியது. அப்பா ஓடிப்போய்ச் சுமையை வாங்கிக்கொண்டு அதன்மேலேயே குந்திவிட்டார். அம்மா என் கைகளை விரித்துப் பார்த்தார். விரலெல்லாம் கல் உரசிய சிராய்ப்பு. அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை என்ற நிம்மதியைத் தவிர வேறெதுவும் அன்று எனக்கு விளங்கவில்லை.

“கல்லுக் காணா புள்ள, இன்னும் வேணும்,” என்றார் அம்மா. “விடிய நீயும் வா, பொறுக்குவம். சுறுக்கா முடிஞ்சிட்டா அவனோட நடக்க நேரம் காணா.”