என்னிடம் கேட்காத கேள்வி

எண்பதுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். வீடு திருவண்ணாமலையில். ‘டவுட்’ என்றால் தெரியாமல் கேட்பது, ‘சஸ்பிஷன்’ என்றால் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டுத் துருவுவது என்று வகுப்பில் விளக்குவேன். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

ஒரு வருஷம் தீபத்துக்கு முதல் நாள், கூட்டம் ஜாஸ்தி என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்து வீடு சேர இருட்டிவிட்டது. என் கணவர் ஒன்றுமே கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூ வாங்கப் போனேன். பூக்காரம்மா முழம் போட்டபடியே சொன்னாள்: “நேத்து சார் வந்து, நீங்க யார்கூட நடந்து வந்தீங்கன்னு கேட்டாருங்க. போன வாரமும் கேட்டாரு. உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?”

பூவை வாங்கக் கை நீளவில்லை.

அன்று மாலை மலையில் தீபம் ஏறியதும் ஊரே அண்ணாந்து கும்பிட்டது. அவர் மட்டும் என் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்ததும் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ஒரு டவுட்டுங்க” என்றாள். என்னிடமே கேட்கிறாளே என்று கண் நிறைந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர், கண் மூடும்வரை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.