மண்முனைப் பாலத்தில் நின்ற கரண்டுக் கார்

என் அக்காவின் புருசன் இன்பராசா ஒன்றை நம்பிவிட்டால், கடவுளே இறங்கி வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டார். அப்படி அவர் நம்பியவற்றில் பெரியது, தன்னுடைய கார் வீட்டுக் கரண்டில் ஓடும் என்பது. ஓடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரோடு சேர்ந்து எங்கள் ஊர் கொக்கட்டிச்சோலையில் பாதியும் அதை நம்பியது.

கத்தாரில் பல வருசம் லொறி ஓட்டிவிட்டு வந்து, ஏறாவூர் புரோக்கர் ஒருவன் மூலம் அவர் வாங்கிய ஜப்பான் ஹைபிரிட் கார் அது. அதில் பெற்றோல் எஞ்சினும் பற்றரியும் மாறி மாறி இழுக்கும். பற்றரியை ஓடும்போது காரே நிரப்பிக்கொள்ளும். வெளியிலிருந்து அதற்குக் கரண்ட் கொடுக்க வழியே கிடையாது. ஆனால் இந்தக் காரின் முன் பம்பருக்குள் ஒரு கறுப்பு வயர் சுருட்டிக் கட்டியிருந்தது. நுனியில் பிளக். பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு லேபல், அதில் நூறு வோல்ட் என்பதை மட்டும்தான் எங்களால் வாசிக்க முடிந்தது.

பனி கொட்டுகிற ஊரில் ஓடிய கார் அது. அங்கே குளிரில் எஞ்சின் விறைத்துப் போகாமல் இருக்க, இரவில் அந்த வயரைச் செருகி எஞ்சினைச் சூடாக்கி வைப்பார்களாம். நிழலில் இருந்தாலே வியர்த்துக் கொட்டும் மட்டக்களப்பில், எஞ்சினுக்குச் சூடு காட்ட ஒரு வயர் இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? புரோக்கருக்கும் தெரியாது. “சார்ஜ் பண்ற வயர் போல அண்ணன், உங்களுக்கு லக்குத்தான்” என்று சொல்லி அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

இன்பராசா டவுனில், வீட்டுக் கரண்டை நூறு வோல்ட்டுக்குக் குறைக்கிற ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி வந்து, அன்றிரவே வயரைச் செருகினார். மறுநாள் காலையில் நடந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம். அதுவரை காலையில் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிச் சூடான பிறகுதான் அடங்கும். அன்றைக்கு உறுமவே இல்லை. சத்தமில்லாமல் பற்றரியிலேயே முற்றத்தை விட்டு இறங்கியது. எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்ததால் அதற்கு வேலை இருக்கவில்லை, அவ்வளவுதான். அவருக்கோ வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

“பாத்தியா மச்சான், பெற்றோல் தொடவே இல்ல” என்றார்.

“அப்ப ஏன் திரையில பற்றரிக் கோடு கூடல்ல?” என்று கேட்டேன்.

“அது வேற பற்றரிடா. இது உள்ளுக்குள்ள இருக்கிற. கார் ஓடாத உனக்கு இதெல்லாம் விளங்காது.”

எனக்கு விளங்காது என்று அவர் சொன்ன பிறகு நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? கரண்ட் பில்லைப் பார்த்து அக்கா யோகமலர் கத்தினாள். அதற்கும் அவர் அசையவில்லை.

பிறகு பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. ஊரில் உள்ள வாகனமெல்லாம் பெற்றோல் செட் வாசலில் படுத்துக் கிடந்த அந்த நாட்களில், எங்கள் இன்பராசா மட்டும் நிமிர்ந்து நடந்தார். வரிசையில் நிற்க மாட்டார். தனக்குரிய பங்கையும் எடுக்காமல் விட்டார். கரண்ட் வெட்டுகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் வயரைச் செருகிவிடுவார். ஆட்கள் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டாங்கியில் இருந்த பெற்றோல் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. பெற்றோல் முள்ளை அவர் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், நல்லரெத்தினம் முற்றத்துக்குள் ஓடி வந்தார். எங்களுக்கு அடுத்த தெரு, வயல் வட்டையில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் அவருடைய மகள் கம்சாயினியைத் தூக்கி வந்தார்கள். தகப்பனுக்குச் சோறு கொண்டு போன பிள்ளையை வரம்பில் கண்ணாடிப் புடையன் பாம்பு கொத்தியிருந்தது. வலது கால் வீங்கியிருந்தது. பல் முரசிலிருந்து ரத்தம் கசிந்தது.

“பக்கத்து ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் வேற ஆளோட டவுனுக்குப் போயிட்டாம். வர நேரமாகுமாம். தம்பி, கார்…” நல்லரெத்தினம் காரைக் கைகாட்டினார்.

“விசகடிப் பரிகாரிட்டக் காட்டி மருந்து கட்டுவமே” என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

“வேணா. டவுனுக்குத்தான்” என்றார் நல்லரெத்தினம்.

இன்பராசா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏறினார். அவரிடம் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் ஆபத்து என்று வந்து கூப்பிட்டால் சேர்ட்டுப் போடக்கூட நிற்க மாட்டார். பின்சீட்டில் அக்காவின் மடியில் பிள்ளையின் தலை, என் மடியில் கால். முன்சீட்டில் தகப்பன்.

கார் வழக்கம்போலச் சத்தமில்லாமல் கிளம்பியது. பெற்றோல் முள் அடிக்கோட்டில் படுத்துக் கிடந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எனக்கே தெரிந்தது.

“அத்தான், பெற்றோல்…”

“இரவு முழுக்கக் கரண்டில போட்டுக் கிடந்த. நீ பிள்ளைய நித்திரையாக விடாமப் பிடி.”

நல்லரெத்தினம் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு முள்ளைப் பார்த்தார், பிறகு றோட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் தலை அசையவே இல்லை.

மண்முனைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. கார் நிற்கவில்லை. பற்றரியில் ஓடியது. இன்பராசாவின் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியில் கண்டேன். “இப்ப பாருங்க, கரண்டு இழுக்குது!” என்று சொல்லி அக்ஸிலேட்டரை மிதித்தார். பிள்ளைக்கு வியர்க்கிறது என்று ஏசியையும் கூட்டினார். அந்த மனிசனின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

திரையில் பற்றரிக் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்சாயினி ஒருமுறை சத்தி எடுத்தாள். அக்காவின் சீலை நனைந்தது. பிள்ளையின் கண்மடல் மூடிக்கொண்டே வந்தது. “மனே, கண்ணைத் திற, மனே” என்று அக்கா அவளுடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் வாவி. நடுப்பாலத்துக்கு வந்ததும் திரை முழுக்கச் சிவப்பாகி, கார் ஊர்ந்து, நின்றது.

இன்பராசா ஸ்டார்ட் பட்டனை அமத்தினார். மறுபடியும் அமத்தினார். “மற்றப் பற்றரி பிடிக்கும், கொஞ்சம் பொறுங்க” என்றார். நாங்கள் பொறுத்தோம். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது அந்தப் பொறுத்த நேரத்தை நினைத்துத்தான். இல்லாத பற்றரி ஒன்று பிடிக்கும் என்று ஐந்து பேர் ஒரு காருக்குள் காத்திருந்தோம், அதில் ஒருத்தி செத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் இறங்கியவர் நல்லரெத்தினம்தான். பாலத்தோரம் இறால் வாங்கிக்கொண்டு நின்ற ஒருவரிடம் ஓடினார். காத்தான்குடிக்காரர், பெயர் இப்றாஹிம் என்று பிறகு தெரிந்தது. மோட்டார் சைக்கிளின் பின்னால் இறால் பெட்டி கட்டியிருந்தது. நல்லரெத்தினம் இரண்டு சொல்தான் சொல்லியிருப்பார். அந்த மனிசன் கட்டை அவிழ்த்துப் பெட்டியைப் பாலத்திலேயே கவிழ்த்துவிட்டார். இறால் றோட்டெல்லாம் துள்ளியது.

“நடுவில வைங்க புள்ளைய. நீங்க பின்னால இருந்து இறுக்கிப் புடிங்க.”

“உங்கட இறால்…” என்றேன் நான், விசரன் மாதிரி.

“அத உடுங்க தம்பி, புள்ள விழாமக் கட்டுங்க!”

அக்காவின் சீலைத் தலைப்பைக் கிழித்து, மகளைத் தகப்பனோடு சேர்த்துக் கட்டினோம். அவளுடைய தலை இப்றாஹிமின் முதுகில் சாய்ந்தது. மோட்டார் சைக்கிள் போய் மறைந்த பிறகும் இன்பராசா காருக்குள்தான் இருந்தார். பட்டனை அமத்திக்கொண்டே இருந்தார். “இறங்குங்க அத்தான்” என்றேன். கேட்கவில்லை. அக்கா போய்க் கதவைத் திறந்து, அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவர் அழுதார். அக்காவைக் கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அன்று பொழுதுபடும் வரைக்கும் ஒரு செய்தியும் இல்லை. காரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு மரத்தடியில் விட்டோம். கனடாவில் இருக்கும் அக்காவின் கூட்டாளி ஒருத்தி போன் எடுத்தாள். கார் நின்ற கதையை மட்டும் கேட்டுவிட்டு, வயரை வீடியோவில் காட்டச் சொன்னாள். “ஐயோ, இது எஞ்சினைச் சூடாக்கிற வயரெல்லோ! இஞ்ச வின்டருக்கு எங்கட காரிலயும் இருக்கு. இதால பற்றரி சார்ஜ் ஆகாது” என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள், பாவம், அவளுக்குத் தெரியாது. இன்பராசா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கம்சாயினி பிழைத்தாள். மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் இரண்டும் கொஞ்ச நாள் வேலைசெய்ய மறுத்தன, பிறகு திரும்பின. அவளைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்றைக்கு, இன்பராசா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிள்ளை பிழைத்துவிட்டது, ஊர் அவரைத் திட்டவும் இல்லை, பிறகு எதற்கு வீணாக வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

நல்லரெத்தினம் வார்டுக்கு வெளியே சுவரோரம் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். இன்பராசா அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“அண்ணன், அந்தக் கார் கரண்டில ஓடாது. அது எஞ்சினைச் சூடாக்கிற வயராம். பெற்றோலும் இல்லாத காரில உங்கட பிள்ளைய ஏத்தி, நடுப்பாலத்தில வெச்சிட்டன். பிள்ளை செத்திருந்தா கொன்றவன் நான்தான்.”

நல்லரெத்தினம் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் நடுவில் புகுவதற்குத் தயாராகவும் நின்றேன்.

“முள்ளு கீழ கிடந்தத நானும் கண்டதானே” என்றார். “உன்ர வாசலுக்கு வாற முன்ன எத்தின வாசலுக்குப் போனன் தெரியுமா? எல்லாரும் பெற்றோல் இல்லையெண்டாங்க. இருந்த ஆக்களும் அதைத்தான் சொன்ன. பெற்றோல் இல்லாம வந்தவன் நீ ஒருத்தன்தான்டா.”