கிளடிஸ் காத்திருந்த அழைப்பு

எங்கள் டோர்செட் பார்க் கட்டிடத்தில் ஐந்தாம் மாடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி இருப்பவள் கிளடிஸ். மன்னாரிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிள்ளை. மாகாண அரசாங்கத்தின் ஒரு கந்தோரில், பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் கவுண்டரில் ஒன்பது வருடம் இருந்தவள். தொண்ணூற்றாறில் ஆட்களைக் குறைத்தபோது அவளையும் நிற்பாட்டினார்கள்.

அவள் வீட்டில் முடங்கவில்லை. தன்னைப் போல அரசாங்க வேலை போன நம்மட ஆட்களைச் சனிக்கிழமைகளில் கீழே பார்ட்டி ரூமில் கூட்டி, கொம்பனி வேலைக்கு விண்ணப்பம் எழுதப் பழக்கினாள். பக்கத்து அறையில்தான் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள். மகள் ரதி வேலைக்குப் போனதும் என் பேத்தி சாம்பவியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் அங்கே நிற்பேன். அப்போது அவளுக்கு மூன்று மாதம். மெஷின் சுற்றும் சத்தத்துக்கு என் ராசாத்தி அப்படி நித்திரை கொள்வாள்.

ஒருநாள் கிளடிஸ் எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், ஒருக்கா வாங்கோ. இந்த அண்ணை சொல்லுறது விளங்குதோ எண்டு பாருங்கோ.”

உள்ளே பொன்னம்பலம் இருந்தார். அரசாங்க ரோட்டுப் பகுதியின் சாமான் ஸ்ரோரில் பதினொரு வருடம் வேலை செய்தவர். ஏதோ ஃபோம் பதினேழு, ஃபோம் இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டு போனார்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை” என்றேன்.

“பாத்தியளே அண்ணை! கொம்பனிக்காரனுக்கும் உது விளங்காது. நம்பர் இல்லாமல் அங்கிளுக்குச் சொல்லுங்கோ.”

“அங்கிள் எதுவரைக்கும் படிச்சவர்?” என்று பொன்னம்பலம் கேட்டார்.

“அஞ்சாம் வகுப்பு. அதுவும் பாதி” என்றேன்.

“பதினொரு வருசச் சேர்விஸ். கடைசியில அரை அஞ்சாம் வகுப்பிட்டைச் சோதினை குடுக்க வேண்டிக் கிடக்கு!”

“தோளில ஒரு ஆள் இருக்கிறா, அவவிட்டையும் பாஸ் பண்ண வேணும்” என்றாள் கிளடிஸ்.

பொன்னம்பலம் சிரித்துவிட்டுச் சொன்னார்: “பனி கொட்டத் துவங்க முதல், ரோட்டில பனி உருகப் போட எவ்வளவு உப்பு வேணுமெண்டு எனக்குத் தெரியும். என்ர காலத்தில ஒரு லொறியும் உப்பில்லாமல் நிண்டதில்லை.”

“அதை எழுதுங்கோ!” என்று மேசையில் தட்டினாள். அதை எழுதித்தான் அவருக்குப் பிக்கரிங்கில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. பிறகு ஒவ்வொரு சனியும் எனக்கு அதுதான் உத்தியோகம். எனக்கு விளங்கினால் அவர்கள் பாஸ்.

ஆனால் கிளடிஸ் மட்டும் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. கந்தோருக்கு ஆள் தேவைப்பட்டால் பழைய ஆட்களைக் கூப்பிடும் பட்டியல் ஒன்றில் அவளின் பெயர் இருந்தது. வைகாசியோடு அது முடியும்.

“எல்லாரையும் சொல்ல வைக்கிறீர். நீர் என்ன வேலை செய்தனீர், எனக்குச் சொல்லும்” என்று ஒருநாள் கேட்டேன்.

கையில் இருந்த பேனையை மூடி வைத்தாள்.

“தகப்பன்மார் வருவினம் அங்கிள். ஷேவ் எடுக்காத முகத்தோட, நித்திரை இல்லாத கண்ணோட. பிள்ளையின்ர பேர் என்ன எண்டு கேப்பன். பேப்பரில கிடக்கும், எண்டாலும் கேப்பன். அவை சொல்லேக்க முகத்தைப் பாக்க வேணும். நானும் ஒருக்காத் திருப்பிச் சொல்லுவன். பிறகுதான் ஃபோமை எடுப்பன்.”

எனக்கு நன்றாக விளங்கியது. அதை ஒரு கொம்பனிக்காரனுக்கு எப்படி எழுதுவது என்றுதான் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ‘படிவங்களைச் சரிபார்த்தேன்’ என்று ஒரு வரி போட்டு, கடைசியில் நகரத்தின் மறுபக்கம் மிசிசாகாவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். எயார்போட்டுக்குக் கிட்ட, பெட்டி அனுப்பும் ஒரு கொம்பனி. சித்திரைக் கடைசியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று காலை தன் வீட்டுக் கதவுத் திறப்போடு என் கதவில் நின்றாள்.

“அங்கிள், நான் வருமட்டும் என்ர போனடியில இருப்பியளோ? கந்தோரால எடுத்து ஆள் இல்லையெண்டால் அடுத்த பேருக்குப் போயிடுவினமாம்.”

“போனில மெசேஜ் பிடிக்கிற மெஷின் இருக்குத்தானே பிள்ளை?”

“மெஷினை நம்பேலாது.”

சாம்பவியோடு போய் இருந்தேன். மத்தியானம் வரை போன் மூச்சுவிடவில்லை. ஒரு மணிக்கு அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

“அப்பா, பிள்ளை பால் குடிச்சவளோ?” ரதி.

கிளடிஸ் மூன்று மணிக்கு வந்தாள். பூட்ஸோடு நின்றபடியே, “அடிச்சதோ?” என்றாள்.

“ஒருக்கா. என்ர மகள்.”

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் கையிலிருந்து பேத்தியை வாங்கிக்கொண்டு, “பிள்ளையின்ர பேர் என்ன?” என்றாள். அது என்னோடு கதைக்கிற குரல் இல்லை. கவுண்டரில் இருந்த குரல்.

“சாம்பவி” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். “சாம்பவி” என்று ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பிறகு, “திங்கட்கிழமை வேலைக்கு வரட்டாம் அங்கிள்” என்றாள்.

வைகாசி போய், இப்போது ஐப்பசி. பட்டியலும் இல்லை. என் பேத்தி தத்தித் தத்தி அவள் வீடு வரை நடப்பாள், பின்னால் நான். மிசிசாகாவிலிருந்து மூன்று பஸ் மாறி வரும் கிளடிஸ், பூட்ஸைக் கழற்ற முதல் போன் மெஷினில் மெசேஜ் வந்ததைக் காட்டும் சிவப்பு லைற் மின்னுகிறதா என்று பார்ப்பாள். நான் அப்போது பிள்ளையோடு கதைப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.