அத்தர் பூசிக்கொண்டு ஒக்சிசன் அறைக்குப் போனோம்

புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை எடுத்து, வருடங்கள் கழித்துத் தாடை, சிறுநீர்ப்பை என்று அவதிப்படுகிற சிலரை வைத்தியர்கள் ஒக்சிசன் அறைக்கு அனுப்புகிறார்கள். நம் கிழக்குப் பக்கத்திலிருந்து அதற்காகக் கொழும்புக்குப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். போன மாதம் போய்வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் மூத்த அண்ணனுக்கு, எங்கள் பேச்சில் காக்காவுக்கு, சாய்ந்தமருதில் மீன் தொழில். வெற்றிலை ஓயாத வாய். மூன்று வருடத்துக்கு முன் வாயில் புற்றுநோய் வந்து, கதிர் சிகிச்சையில் சுகமானார். ஊரில் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்போம். போன வருடம் கடைவாய்ப் பல் வலிக்க, யாரிடமும் சொல்லாமல் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார். கரண்ட் பிடித்த தாடையில் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம் என்பது இவருக்குத் தெரியாது. பிடுங்கியவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து மாதமாக வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது. கஞ்சிதான் சாப்பாடு.

கொழும்பு வைத்தியர் சொன்னது இதுதான்: அழுத்தம் கூடிய அறையில் இருபது நாள் ஒக்சிசன், பிறகு சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு இன்னும் பத்து நாள். "ஆறும் என்று உறுதி சொல்ல ஏலாது, செய்து பார்ப்போம்" என்றார். சத்திரசிகிச்சைக்குத் திகதியும் குறித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சுபஹு தொழுதுவிட்டு, ஐந்தே முக்காலுக்குக் கல்முனையில் பஸ் ஏறினோம். ஆளுக்கு 2,200 ரூபாய். காரைதீவு தாண்டி, அம்பாறை, மகியங்கனை, கண்டி வழியாகச் சுமார் 350 கிலோமீற்றர். மகியங்கனைக்கு மேலே வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் காக்கா தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார். முன் இருக்கை கேட்டு வாங்குங்கள், குலுக்கல் குறைவு. மூன்று மணிக்குக் கொழும்பு. தெமட்டகொடையில் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் தங்கினோம்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் தந்திருந்தார்கள். நம் ஆட்கள் ஒரு நல்ல காரியத்துக்கு எப்படிப் புறப்படுவோம்? காக்கா குளித்து, தலைக்கும் தாடிக்கும் தேங்காய் எண்ணெய் வைத்து, வெள்ளைச் சாரமும் சேட்டும் உடுத்தார். நான் அல்லாஹ்விடம் துஆக் கேட்டுவிட்டு, மக்காவிலிருந்து வந்த அத்தரை அவருடைய தாடியிலும் கழுத்திலும் சேட்டுக் கொலரிலும் என் கையாலேயே பூசினேன். தாராளமாகப் பூசினேன்.

முச்சக்கரவண்டிக்கு 600 ரூபாய். ஏழே முக்காலுக்கு அறை வாசலில் நின்றோம். அறையைப் பார்த்துக்கொள்கிறவர் சிங்களவர். காக்கா கிட்டே வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"ஐயா, எண்ணெய், சென்ட். உள்ளே போக ஏலாது. ஒக்சிசன், நெருப்புப் பிடிக்கும்."

"கழுவிட்டு வாறம்" என்றேன்.

"எட்டரைக்குக் கதவு மூடணும். மற்ற ஆக்கள் இரிக்காங்க."

முற்றத்துக் குழாயடியில் காக்காவைக் குனியவைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். தாடையில் கை பட்டபோது அவர் பல்லைக் கடிக்கவும் முடியாமல் முனகினார். மூன்று தரம் கழுவினோம். அத்தர் போகவே இல்லை. எட்டரைக்கு நாலு நோயாளிகளோடு கதவு மூடியது.

"ஒரு நாள் முந்தி ஒரு ஆள் சொல்லியிரிக்கலாமே!" என்று கத்தினேன். அவர் எங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எல்லாம் இருந்தது, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழில் ஒரு எழுத்து இல்லை. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். முதல் பக்கத்தில் திகதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்தவன் நான்தான். அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் மேலும் கோபம், என் மேலும் கோபம்.

ஒரு நாள்தானே என்று நினைக்காதீர்கள். ஒக்சிசன் ஒரு நாள் பிந்தியதால் சத்திரசிகிச்சைத் திகதி கைவிட்டுப்போனது. அடுத்த திகதி மூன்று வாரம் தள்ளித்தான் கிடைத்தது. ஒருத்தன் மூன்று வாரம் கூடுதலாக வலியோடு கஞ்சி குடிக்க வேண்டும், ஒரு தாளில் தமிழ் இல்லாததற்கும் நான் பக்கம் திருப்பாததற்கும்.

ஆகவே, தமிழில் நான் எழுதுகிறேன். அச்சடித்துப் பையில் வையுங்கள். முதல் நாளே சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அத்தர், தலை எண்ணெய், கண்ணுக்கிடும் சுர்மா, கிறீம் எதுவும் கூடாது. தாயத்து, மோதிரம், மணிக்கூடு, போன், லைட்டர் எல்லாவற்றையும் வீட்டில் விடுங்கள். பருத்தி உடுப்புத்தான் உடுக்கலாம். தடிமன், காதடைப்பு இருந்தால் உள்ளே போகுமுன் சொல்லுங்கள், அழுத்தம் ஏறும்போது காது வலிக்கும். உள்ளே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கரண்ட் பிடித்தவர்கள் பல் டாக்டரிடம் வாயைத் திறக்கும் முன்னாலேயே அதைச் சொல்லுங்கள். கடிதம் எந்த மொழியில் இருந்தாலும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலை சாச்சி பழக்கதோஷத்தில் அத்தர்ச் சீசாவோடு வாசலுக்கு வந்துவிட்டார். காக்கா அதை வாங்கி என் கையில் வைத்து, திறக்காத வாயால் மெல்லக் கதைத்தார்.

"இத நீ வெச்சிரு தம்பி. நான் மௌத்தானாக் குளிப்பாட்டிட்டுப் பூசு. இப்ப நான் உசிரோட இரிக்கணும்."