ஐந்து என்று சொன்ன குரல்

இதைப் படித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன். நான் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாள் முழுக்க எலும்புக்கூடுகளோடு குப்பை கொட்டுகிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா?" என்று கேட்கிற ரகம். ஆனால் இது எனக்கு நடந்தது. போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

நகரத்துக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி. பார்க்க ஒன்றுமே கிடையாது, கேட்க மட்டும்தான். கும்மிருட்டான பெரிய அறைக்குள் இந்த நகரத்தின் பழைய சத்தங்கள் ஒலிக்கும். முன்னால் போகிறவர் தோளில் கை வைத்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். அக்கா மகள் சின்னுவை அழைத்துப் போனேன். ஏழு வயது. அம்மாவைவிட என்மேல்தான் உயிர் அவளுக்கு. எனக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் எல்லாம்.

"கூட்டத்துல கையை விட்டுடாதடி," என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியாதா? போய் வேலையைப் பாரு."

எங்கள் வழிகாட்டிக்குக் கண் தெரியாது. காதுதான் எல்லாம். "நடுவுல எண்ணச் சொல்வேன். அவங்கவங்க நம்பரைச் சொல்லுங்க. குரலை வச்சுதான் நான் ஆளைக் கண்டுபிடிப்பேன்," என்றார். எங்களோடு வந்த கல்லூரிப் பையன்கள் மூன்று பேரும் ஒன்று, இரண்டு, மூன்று. சின்னு நான்கு; தோள் எட்டாமல் முன்னால் நின்ற பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆள் நான், ஐந்து.

மதியம் மூன்று பத்துக்கு உள்ளே போனோம். கதவு மூடியது.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ரயில் கிளம்பும் சத்தம். தகரக் கூரையில் மழை. எங்கோ ஒரு தையல் மெஷின். சின்னு கிளுக்கென்று சிரித்தாள். அவள் கம்பளி ஸ்வெட்டர் என் உள்ளங்கையில் சொரசொரவென்று உறுத்தியது. குட்டைக் கத்திரிக்காய் அவள். குனிந்தே நடந்ததில் எனக்கு இடுப்பு ஒடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்... இடுப்பு வலிக்கவில்லை. நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். கை மட்டும் தோளிலேயே இருந்தது.

கம்பளி இல்லை. மெல்லிய துணி. ஈரமாக இருந்தது.

"சின்னு?"

"ம்..." குரல் தள்ளி, முன்னாலிருந்து வந்தது. "சித்தி, உங்க கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

எனக்கும் அவளுக்கும் நடுவில் யாரோ நடந்துகொண்டிருந்தார்கள்.

அது என் கை இல்லடி என்று கத்தியிருக்க வேண்டும். இருட்டில் குழந்தை பயந்து ஓடினால்? எங்கே போய்த் தேடுவேன்? "சித்தி இருக்கேன்... நட," என்றேன்.

கையை எடுக்கவும் பயம். எடுத்தால் அவளிடம் போக வழியே இல்லை.

வழிகாட்டி எண்ணச் சொன்னார்.

"ஒண்ணு." "ரெண்டு." "மூணு."

"நாலு," என்றாள் சின்னு.

"அஞ்சு."

என் குரல்.

நான் வாயே திறக்கவில்லை.

"சரி, எல்லாரும் இருக்கோம்," என்றார் வழிகாட்டி.

இல்லை என்று கத்தப் பார்த்தேன். காற்றுதான் வந்தது...

நடந்தார்கள். நானும் நடந்தேன்.

வெளிச்சம். மணி மூன்று முப்பத்திரண்டு. பையன்கள், சின்னு, அவளுக்குப் பின்னால் நான். நடுவில் யாரும் இல்லை. என் கை அந்தக் கம்பளி ஸ்வெட்டரில்தான் இருந்தது. அவளை வாரி அணைத்தேன். வீலென்று கத்தித் திமிறினாள்.

"நீங்க சித்தி இல்ல. சித்தி உள்ள இருக்காங்க."

ஒரு மாதமாகிறது. என்னைக் கண்டாலே அக்காவின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். பொம்மை வாங்கிப் போனேன். கெஞ்சினேன். அழுதேன். கிட்டவே வர மாட்டேன் என்கிறாள். "சின்னப் பிள்ளை, பயந்திருக்கா. சரியாயிடும்," என்கிறாள் அக்கா.

நேற்று வழிகாட்டி போன் செய்தார். டிக்கெட் எடுத்தபோது கொடுத்த நம்பர். நான் "ஹலோ" என்றதும் "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார். சொன்னேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "நீங்க... வெளியவா இருக்கீங்க?"

அந்த அறையை மூடிவிட்டார்களாம். எத்தனை பேர் போனாலும், எண்ணும்போது கடைசியில் ஒரு குரல் கூடுதலாக வருகிறதாம். ஆள் இல்லாத நேரத்திலும் கேட்கிறதாம். யார் குரல் என்று தெரிந்ததால்தான் என்னை அழைத்திருக்கிறார்.

"சின்னு எங்கேன்னு கேட்டு அழுதுக்கிட்டே இருக்கீங்க, மேடம்."