அச்செடுக்காமல் விட்ட பக்கங்கள்

பழைய வால்வு ரேடியோ கையேட்டை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தது நான்தான். யாரோ அதைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். பர்கூரில் பொறியியல் படிக்கும் என் மகளுக்கு விடுமுறையில் ஒரு ரேடியோ செய்ய ஆசை. சர்க்யூட் பக்கங்களை மட்டும் அச்செடுத்தேன். முன்னால் இருந்த பாதுகாப்புப் பக்கங்களை விட்டுவிட்டேன். ஓசூர் கம்பெனியில் இத்தனை வருடமாக மெயின்டனன்ஸ் பார்ப்பவளுக்கு அதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு.

கம்பெனியில் மெஷினைத் தொடும் முன் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை அவரவர் பையில் போட்டுக்கொள்வோம். வீட்டிலும் அதையே செய்தேன். அவள் செய்து ஒரு முறை ஓட்டிப் பார்த்த ரேடியோவின் கரண்ட் ஒயரைக் கழற்றி என் கைப்பையில் வைத்துவிட்டு, "இப்பத் தொடு கண்ணு" என்றேன். தொட்டவள் எகிறிப் போய்ச் சுவரில் மோதினாள்.

உள்ளே கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருந்தது. அவளுக்கு விரல் நுனி சிவந்ததோடு போயிற்று.

"ஒயரு உன் பைல இருக்கேம்மா, அப்புறம் என்னைக் கடிச்சது யாரு?" என்று அவள் சிரித்தாள்.

விட்ட பக்கங்களை மறுநாள் அச்செடுத்தேன். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தேங்கியதை வடியவிட வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.

"இந்த ரேடியோவே வேணாம் கண்ணு."

"பக்கத்த விட்டது நீ. ரேடியோ என்னம்மா பண்ணுச்சு?"

மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க, கையேடு சொன்னபடி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறு கையில் பிளாஸ்டிக் பிடி போட்ட ரெசிஸ்டர் ஒயரோடு வடியவிடப் போனாள். பின்னால் இருந்த கையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விடும்மா! அடிச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்து அடிக்கும்."

விட்டேன். அடுத்த வரியைச் சத்தமாகப் படித்தேன்.