அஞ்சலையின் மைவிரல்

காஜா பேராங் வட்டாரத்தில் அஞ்சலைக்குக் கைராசிக்காரி என்று பெயர். பிறந்த பிள்ளைக்கு அவள் மை தீட்டிவிட்டால் கண்ணேறு அண்டாதாம். வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மைச்சிமிழ், ஒரே விரல். இடையில் கழுவினால் ராசி கரைந்துவிடுமாம். நல்ல ராசி!

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம், அவளுடைய கைக்குழந்தை கோகிலா கண்ணைத் திறக்கவில்லை. இமையை விலக்கினால் சீழ் வடிந்தது. அஞ்சலை தாய்ப்பால் விட்டாள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மறுநாள் இமை இரண்டும் வீங்கிவிட்டன. கணவன் ஜெயபாலன் இருவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தான்.

"மை வச்சது யாரும்மா?" என்றாள் மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் நர்ஸ்.

"நாந்தாங்க."

"இதே வெரலால வேற யாருக்கு வச்சீங்க?"

அஞ்சலை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு சீதாவின் கண் பூளை தள்ளிய பிள்ளைக்குத்தான் முதலில் வைத்தாள். அதே விரலோடு வந்து கோகிலாவுக்கு. அதற்கும் பிறகு, நேற்று முன்தினம், எதிர்வீட்டுப் பொன்னம்மாவின் மகனுக்கு.

"இது ஒட்டுற நோய். கருவிழி புண்ணாச்சுன்னா பார்வை திரும்பாது. அந்தப் பிள்ளைங்கள இன்னிக்கே வரச் சொல்லுங்க."

மிஸ்ஸி பிள்ளையின் கண்ணில் மருந்து போடத் தொடங்கியதும், ஜெயபாலனை அங்கே இருத்திவிட்டு அஞ்சலை ஓடினாள். வழியெல்லாம் பயம். சொன்னால் தெருவே காறித் துப்பும். சொல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகள் இருட்டில் கிடக்கும். சீதா அழுதபடியே பிள்ளையை வாரிக்கொண்டு கிளம்பினாள். பொன்னம்மா மண்ணை வாரித் தூற்றினாள்.

"எம்பிள்ள கண்ணுல கொள்ளி வச்சிட்டியேடி, பாவி!"

"அப்புறம் திட்டுங்கக்கா. மொதல்ல பிள்ளையத் தூக்குங்க!"

அந்த இரண்டு பிள்ளைகளின் கண்களும் பிழைத்துக்கொண்டன. கோகிலாவுக்குத்தான் அதற்குள் கருவிழி புண்ணாகியிருந்தது. வலது கண் தப்பியது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது.

அதற்கப்புறமும் மை வைக்கச் சொல்லி ஆட்கள் வந்தார்கள், வெட்கமில்லாமல். அஞ்சலை கோகிலாவைத் தூக்கிவந்து அந்த இடது கண்ணைக் காட்டுவாள். வந்தவர்கள் திரும்பிப் போவார்கள்.

கோகிலா பள்ளிக்குப் போகிற வயதிலும், காலையில் தலை சீவியதும் அவளுடைய வலது கண்ணை அஞ்சலை பொத்துவாள். மை தீட்டிய அதே விரலை முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"தெரியுதா?"

"மங்கலாத் தெரியுதும்மா. ஏம்மா தெனமும் கேக்குற?"